பூவுக்குப் பக்கத்தில் வேலி

அம்பாறைக் கரையோரத்தில் பூக்களின் பருவம் மாரி ஓய்ந்ததும் தொடங்குகிறது. ஐப்பசியில் பிடித்துத் தை வரை பெய்யும் மழையில் மணல் நிலம் ஊறிவிட, மாசி வெயில் ஏறியதும் செவ்வரத்தை, ரோசா, மல்லிகை, சீனியா எல்லாம் ஒன்றாக மொட்டு விடுகின்றன. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே பொத்துவில் வரை, பங்குனியில் எந்த வளவை எட்டிப் பார்த்தாலும் ஏதாவது ஒரு நிறம் கண்ணில் படும். வைகாசி கழிந்து மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். வீதியோரப் புல் சருகாகும். ஊருக்குள் பச்சையாக மிஞ்சுவது கிணற்று நீர் ஊற்றி வளர்த்த வீட்டுத் தோட்டம்தான். பசித்த வாய்கள் அதைத் தேடி வருவது இயல்பு. அவற்றை எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். காக்க வேண்டிய செடிக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறதோ, அவ்வளவுக்கு வேலி பயன் தரும். அந்தச் செடியை விரும்பி வளர்ப்பவரே வேலியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லையில் பெரிதாக ஒன்றைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்ற எண்ணம்தான் முதலில் கைவிட வேண்டியது.

இதற்கு வலுவான சான்று பூந்தோட்டத்திலிருந்து வரவில்லை, யானை வேலியிலிருந்து வருகிறது. இலங்கையில் 4,000 கிலோமீற்றருக்கு மேல் மின்வேலி இருக்கிறது. அப்படியிருந்தும் 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி 100க்கு மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்தார்கள். வேலி குறைவாக இருந்தது காரணமல்ல, அது நின்ற இடமே காரணம் என்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். வேலிகளில் பல, வனசீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் வனவளத் திணைக்களத்தின் காட்டுக்கும் இடையில் கோடு கிழித்தாற்போல் போடப்பட்டவை. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை. யானைகள் நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்னும்போது, காட்டுக்குள் போட்ட வேலி யாரைக் காக்கும்? கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 டிசம்பரில் கையளித்த தேசிய செயற்திட்டம் இதைத் திருப்பிப் போட்டது. ஊரைச் சுற்றி ஊரார் பராமரிக்கும் வேலி, வயலைச் சுற்றி விவசாயிகள் பராமரிக்கும் வேலி என்பதே அதன் அடிப்படை. வயல் வேலி விதைக்கும்போது ஏறும், அறுவடை முடிந்ததும் இறங்கும். பிறகு யானைகள் வந்து தாளை மேய்ந்துவிட்டுப் போகும், யாருக்கும் நட்டமில்லை. இந்தச் சிந்தனையில் இருக்கும் மூன்று கூறுகளை அப்படியே வீட்டு வளவுக்குக் கொண்டுவரலாம்: வேலி பயிருக்கு அருகே, பொறுப்பு பயிரிட்டவர் கையில், காலம் பயிரின் தேவைக்கு ஏற்ப.

கடற்கரைப் பக்க ஊர்களில் முதல் விருந்தாளி காட்டிலிருந்து வருவதில்லை. கட்டாக்காலி மாடும் வீதி சுற்றும் ஆடும்தான் இங்கே பூச்செடிக்கு முதல் ஆபத்து. காட்டு விலங்கை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்ட நூல்கள் இதைத் தொடுவதே இல்லை. ஆனால், ஒரு ரோசாச் செடியை இரண்டு நிமிடத்தில் தண்டு மட்டும் மிஞ்சும்படி ஒட்ட மேய்ந்துவிட்டுப் போக ஓர் ஆடு போதும். மாடுகளின் வரவுக்கு ஒரு நாட்காட்டியும் உண்டு. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு, கால்நடைகளை வயலிலிருந்து அப்புறப்படுத்த வேண்டிய திகதியையும் தீர்மானிப்பார்கள். பெரும்போகத்துக்காக வயல்கள் மூடப்படும்போது மேய்ச்சல் சுருங்கி, மந்தைகள் ஊர்ப்பக்கம் ஒதுங்குகின்றன. மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து தாள் கிடைக்கும்போது அவை திரும்ப வயலுக்குப் போகும். சிறுபோக விதைப்போடு மறுபடி வரும். ஆகவே பூச்செடி வைப்பவரும் அந்தக் கூட்டத்தின் திகதிகளை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். உழ்ஹிய்யாவுக்கென வாங்கிய ஆடு மாடுகள் வளவுகளிலும் வீதியோரத்திலும் கட்டப்பட்டிருக்கும் நாட்கள் அவை. கயிறு அவிழ்ந்தால் முதலில் கண்ணில் படுவது அயல்வீட்டுச் செடிதான்.

மதில் இருக்கிறதே என்று கேட்கலாம். மதில் இருந்தும் செடிகள் போகின்றன. படலை திறந்து கிடக்கும் ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரமும் வாப்பா தொழுகைக்குப் போகும் நேரமும் ஒவ்வொரு நாளும் வரும். அந்த நேரமெல்லாம் படலையைக் காவல் காக்க முடியாது. அதனால்தான் இரண்டாவது காப்பைச் செடியின் அருகில் வைக்கச் சொல்கிறேன். இளம் செடி ஒவ்வொன்றையும் சுற்றி மூன்று கம்பு நட்டு, நாலரை அடி உயரத்துக்கு வலைக்கம்பியை வளைத்துக் கட்டினால் ஆட்டுக்குப் போதும். கூட்டின் விட்டம் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வெளியே நின்றபடியே ஆடு வாயை நுழைத்து இலையை இழுத்துவிடும். ஆடு முன்னங்கால்களைத் தூக்கி வைத்து ஏறும் பிராணி என்பதால் குறுக்குச் சட்டம் எதையும் வெளிப்புறம் வைக்கக் கூடாது, அது ஏணியாகிவிடும். வீதியை ஒட்டிய பாத்தி என்றால், வேலிக்கும் முதல் வரிசைச் செடிக்கும் இடையே மூன்று அடி விடுங்கள். மாட்டின் கழுத்து எட்டும் தூரத்துக்குள் இருக்கிற செடி வேலிக்கு வெளியே இருப்பதற்குச் சமம். அந்த மூன்று அடியில் அலரியோ கடதாசிப் பூவோ நட்டால் இடமும் வீணாகாது. ஒரு எச்சரிக்கை: அலரி முழுவதும் நஞ்சு. கத்தரித்த கிளைகளை வீதியில் போட்டால், வாடிய இலையைத் தின்று ஆடு சாகும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

எந்தப் பொருளால் கட்டுவது என்பதில் கடல் ஒரு கட்சி. உப்புக் காற்றில் மலிவான இரும்பு வலைக்கம்பி சீக்கிரமே துருப்பிடித்து உதிரும். பிளாஸ்ரிக் பூச்சுள்ள வலைக்கம்பி கூடுதல் விலைதான், ஆனால் நெடுங்காலம் நிற்கும். மீனவர் ஊர்களில் பழைய வலை எளிதாகக் கிடைப்பதால் அதையே வேலியாகக் கட்டுபவர்கள் நிறையப் பேர். தடித்த நூல் வலையை விறைப்பாக இழுத்துக் கட்டி, அடியைச் சுருண்டு கிடக்க விடாமல் மண்ணில் ஆணி அடித்து இறுக்கினால் குற்றமில்லை. தங்கூசி வலையை மட்டும் தோட்டத்தில் கட்டவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத அந்த இழையில் சாரைப் பாம்பு சிக்கும், செண்பகம் சிக்கும், ஓணான் சிக்கும்; வெயிலில் தொங்கிச் சாகும். எலியைப் பிடிக்கும் சாரையையும் பூச்சியைத் தின்னும் பறவையையும் கொன்றுவிட்டு எந்தத் தோட்டத்தைக் காக்கப் போகிறோம்? பறவைக்காக மேலே வலை போடுவதானால், கண் உங்கள் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் சிறிதாகவும் நிறம் வெள்ளையாகவும் இருக்கட்டும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. மாட்டைக் கட்டி வளர்ப்பது மாட்டுக்காரரின் கடமை, பிடித்து அடைப்பது சபையின் கடமை, நான் ஏன் செலவழித்து ஒவ்வொரு செடிக்கும் கூடு கட்ட வேண்டும்? கல்முனை மாநகர சபையும் அயலிலுள்ள பிரதேச சபைகளும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துத் தண்டப்பணம் அறவிடுவது வழக்கம்தான். முறையிடுவதும் உங்கள் உரிமை. ஆனால் முறைப்பாடு நாளைய மாட்டுக்கு, கூடு இன்றைய செடிக்கு. மார்க்கச் சட்டத்தின் நிலைப்பாடும் இங்கே கவனிக்கத் தக்கது. அல்குர்ஆனின் அல்-அன்பியா அத்தியாயம் 78, 79ஆம் வசனங்களில், இரவில் ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் பயிருக்குள் புகுந்த வழக்கு வருகிறது. ஆடுகளையே பயிர்க்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபி தாவூத் (அலை) அவர்களின் தீர்ப்பு என்றும், ஆட்டுக்காரர் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை ஆட்டின் பாலையும் உரோமத்தையும் பயிர்க்காரர் அனுபவிக்கட்டும், பிறகு இருவரும் தத்தமது உடைமையைத் திரும்பப் பெறட்டும் என்பது நபி ஸுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பு என்றும் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் கால்நடையைக் காப்பது அதன் உரிமையாளர் பொறுப்பு என்று ஹதீஸிலும் வந்திருக்கிறது. இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபும் அதையே ஏற்கிறது. பகல் நேரத்து வேலி நம் தலையில் விழுந்த பொறுப்பு என்பது இதிலிருந்து தெளிவு. அயலாரோடு சண்டைக்குப் போகுமுன் இதை நினைவில் வைத்தால் இரு பக்கமும் நிம்மதி.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கும்போது, வேலி கட்டித் தடுப்பது சரியா என்று மனம் இளகியவர்கள் கேட்கிறார்கள். கேள்வியை மதிக்கிறேன், ஆனால் அந்த ஹதீஸ் நடுவதை ஊக்குவிக்க வந்தது, நட்டதைக் கைவிடச் சொல்ல வரவில்லை. மேலே சொன்ன பகல் காவல் பொறுப்பும் அதே மார்க்கத்திலிருந்துதான் வருகிறது. வளராமலே கிள்ளப்பட்ட செடியால் யாருக்கும் பயனில்லை. வேர் பிடித்து நிமிர்ந்த செவ்வரத்தை அணிலுக்கும் தேன்சிட்டுக்கும் கிளிக்கும் ஆண்டுக்கணக்கில் கொடுக்கும். அதனால் காப்பு இளமையில் கடுமையாகவும், செடி ஆளுயரம் தாண்டியபின் தளர்வாகவும் இருக்கட்டும். அணில் கடிக்கும் மொட்டுகளுக்காக மரம் முழுவதையும் மூடத் தேவையில்லை. விசேடத்துக்கென்று வளர்க்கும் ஓர்க்கிட் கொத்துக்கோ அந்தூரியத்துக்கோ பழைய நெட் துணியில் ஒரு சிறு பை தைத்துப் போட்டால் போதும். மற்றதை அணிலுக்கு விட்டுவிடலாம்.

என் வாதத்தின் பலவீனமான இடம் குரங்கு. சம்மாந்துறை, இறக்காமம், பொத்துவில் பக்கங்களில் தோட்டம் வைப்பவர்கள், எந்தக் கூட்டையும் செங்குரங்கு கையால் பிரித்துவிடும், மந்தி மேலிருந்து குதித்துத் தளிரையும் மொட்டையும் தின்றுவிடும் என்பார்கள். உண்மை. நாடு தழுவிய அளவிலும் இதற்கு எளிய விடை கிடைக்கவில்லை. 2023இல் ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்து, எதிர்ப்பிலும் வழக்கிலும் முடிந்தது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை ஐந்து நிமிடம், குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றை மக்களே தத்தம் வளவில் நின்று எண்ணும் கணக்கெடுப்பை அரசு நடத்தியது. எண்ணிக்கை தெரிந்தாலும் செடி தப்பாது. வேலி தோற்கும் இடத்தில் செடித் தெரிவுதான் வேலி. வஸ்கமுவை காட்டோரக் கிராமங்களில் யானை விரும்பாத தோடை மரங்களை வீட்டைச் சுற்றி நடும் திட்டம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதே தத்துவம் இங்கும் பொருந்தும். குரங்கு வரும் வளவில் வெளிவட்டத்தில் கடதாசிப் பூ, அலரி, நித்தியகல்யாணி போன்ற முள்ளோ நஞ்சோ கசப்போ உள்ளவற்றை நட்டு, செவ்வரத்தையையும் ரோசாவையும் சமையலறை யன்னலுக்கு நேரே, ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இதுவும் பக்கத்தில் வேலி என்ற வாதத்தின் இன்னொரு வடிவம்தான். இங்கே வேலி மனிதர்களின் இருப்பு. கொய்யா, மா, வாழை மூன்றும் பூந்தோட்டத்துக்கு அருகில் இருந்தால் இந்த ஏற்பாடு பலிக்காது. குரங்கு பழத்துக்காக வந்து பூவைச் சேர்த்துப் பிய்க்கும்.

கடையில் விற்கும் விரட்டிகளும், வீட்டில் செய்யும் உள்ளி, மிளகாய், வேப்பெண்ணெய்க் கரைசல்களும் இந்த அத்தியாயத்தில் பின்னால் வருவதற்குக் காரணம் உண்டு. வெயில் காலத்தில் ஆட்டுக்கு எதிராக அவை சில நாட்கள் வேலை செய்யும். ஒரு மழை பெய்தால் கழுவிப் போகும். புதிதாக விட்ட தளிரில் கரைசல் இருக்காது. உண்மையான பசி வந்தால் கசப்பும் பொருட்டல்ல. சத்தமும் அப்படித்தான். வயலோரங்களில் யானைவெடி போட்டுப் போட்டு, அதற்குப் பழகிவிட்ட யானைகளைப் பற்றிய அனுபவம் இம்மாவட்ட விவசாயிகளுக்குப் புதிதல்ல. தொங்கவிட்ட சீடித் தட்டும் தகரமும் முதல் வாரம் கிளியையும் மயிலையும் தயங்க வைக்கும், பிறகு அவையே அதன் மேல் உட்காரும். நாற்றுப் பாத்திக்கு மட்டும், நாற்று அரையடி உயரும் வரை, இடத்தை மாற்றி மாற்றி இவற்றைப் பயன்படுத்தலாம்; அத்தோடு ஈர்க்கில் வளைத்து மேலே வலை போடுவதே மயிலுக்கு நம்பகமான தடை.

தரையில் வருபவர்கள் இரவில் வருகிறார்கள். முள்ளம்பன்றி கிழங்கையும் வேரையும் தேடித் தோண்டும். நம் மணல் மண் அதற்கு மிக வசதி. அது வரும் மேற்குப் புற ஊர்களில் வலைக்கம்பியை ஒன்றரை அடி ஆழம் புதைத்து, அடியை வெளிப்புறமாக மடித்துவிட வேண்டும், அல்லது பாத்தியைச் சுற்றித் தகரம் இறக்க வேண்டும். மாரி தொடங்கியதும் பெருகும் ஆபிரிக்க நத்தைக்கு எந்த வேலியும் தடையல்ல. முதல் மழை பெய்த இரவுகளில் கையுறை போட்டு, டோர்ச் வெளிச்சத்தில் பொறுக்கிச் செறிந்த உப்புநீரில் போடுவதே வழி. வெறுங்கையால் தொட வேண்டாம், மனித மூளையைத் தாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். நத்தைக் குளிசை வைத்தால் கோழியும் பூனையும் தின்று சாகும். பூச்சாடியை நீர்த் தட்டில் நிறுத்தினால் நத்தை ஏறாது என்று சொல்வார்கள். கல்முனையில் அதைச் செய்யாதீர்கள், தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும். மீன் கழிவைச் செடியடியில் புதைப்பவர்கள் ஒன்றரை அடிக்குக் கீழே புதைக்க வேண்டும். மேலோட்டமாகப் புதைத்தால் நாயும் கபரக்கொய்யாவும் செடியோடு சேர்த்துக் கிளறிவிடும்.

நாம் எறியும் உணவு விலங்கை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு இம்மாவட்டத்திலேயே கொடிய எடுத்துக்காட்டு இருக்கிறது. அயலூர்களின் குப்பை கொட்டப்படும் பள்ளக்காட்டுத் திடலில் யானைகள் பிளாஸ்ரிக்கையும் சேர்த்து விழுங்குகின்றன. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அவ்வாறு இறந்ததாகச் செய்திகள் வந்தன. அந்தத் திடலைச் சுற்றியும் மின்வேலி இருந்தது. 2014இல் மின்னல் தாக்கிப் பழுதான அதை யாரும் திருத்தவில்லை. தன்னுடையது என்று பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வேலிக்கு நேர்வது இதுதான். வீட்டளவில் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: சமையல் கழிவை மூடியுள்ள தொட்டியில் போடுங்கள், யானை வரும் பக்கத்து வீடுகளில் நெல் மூட்டையைப் படுக்கையறையில் அடுக்காதீர்கள், வாழையை யன்னலோரம் நடாதீர்கள். யானை பூவுக்காகச் சுவரை உடைப்பதில்லை; நெல்லுக்கும் வாழைக்கும் உடைக்கும், பூந்தோட்டம் காலடியில் போகும்.

வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாக இழுத்து விடுவது பற்றி ஒரே சொல்தான்: கூடாது. சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். மழையில் ஊறிய மணலில் வெறுங்காலோடு பந்தை எடுக்க ஓடும் பிள்ளை தொட்டால், அந்தக் கம்பி யானை எது, மனிதன் எது என்று பார்க்காது. விவசாயத்துக்கென விற்கப்படும் மின்வேலிக் கருவி விட்டு விட்டுச் சிறு அதிர்ச்சி தருவது, அது வேறு. நகர வளவுக்கு அதுவும் தேவையில்லை.

செடிக்குச் செடி கூடு கட்டினால் தோட்டம் சிறைச்சாலை போலிருக்கும் என்ற குறையும் உண்டு. அதற்கு விடை காலத்தில் இருக்கிறது. ஐப்பசியில் முதல் மழைக்கு நடும்போது கூட்டையும் சேர்த்தே நடுங்கள். மாட்டை அப்புறப்படுத்தும் திகதி அறிவிக்கப்பட்டதும் வீதிப்பக்கக் கட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். மாசியில் பூ வரும்போது, வீட்டு முன்புறம் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நிற்கும் வளர்ந்த செடிகளின் கூட்டைக் கழற்றிச் சுருட்டிக் கொட்டிலில் தொங்கவிடலாம். வீதியோரம் உள்ளவை அப்படியே நிற்கட்டும். சித்திரை கடைசியில், கச்சான் வீசத் தொடங்குமுன், கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டிவிடுங்கள். அப்போது துருப்பிடித்த கம்பி எது, அறுந்த முடிச்சு எது என்பதும் தெரியும். மாற்ற வேண்டியதை அந்த வாரமே மாற்றிவிட்டால் அடுத்த மாரி வரை கவலையில்லை.